நிலப்பிளவின் மேல் ஒரு ஸ்டேடியம்: பெர்க்லி மெமோரியல் ஸ்டேடியம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்த ஸ்டேடியம்? இதைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில், கிழக்கு ஓரத்தில், ஸ்ட்ராபெரி கேன்யன் என்ற பள்ளத்தாக்கின் வாயை அடைத்தாற்போல உட்கார்ந்திருக்கும் ஸ்டேடியம் இது. 1923-இல் திறந்தார்கள். முதல் உலகப் போரில் உயிரிழந்த கலிஃபோர்னியர்களின் நினைவாகக் கட்டியதால் ‘மெமோரியல்’ என்ற பெயர் வந்தது. பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியான ‘கோல்டன் பேர்ஸ்’ நூறு வருடமாக இங்கேதான் ஆடுகிறது. நாம் ஃபுட்பால் என்று சொல்லும் ஆட்டம் இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் ஆட்டம்.

பேச்சுக்குக் காரணம் வேறு. ஹேவர்ட் நிலப்பிளவு, அதாவது இரண்டு பாறைத் தொகுதிகள் ஒன்றையொன்று உரசி நகரும் விரிசல், இந்த மைதானத்துக்கு நேர் அடியில் ஓடுகிறது. ஏறத்தாழ ஒரு கோல் கம்பத்திலிருந்து எதிர்க் கோல் கம்பம் வரை, நீளவாக்கில். சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் அதிக ஆபத்தானவை என்று கருதப்படும் பிளவுகளில் இதுவும் ஒன்று. அப்படிப்பட்ட இடத்தில் பல்லாயிரம் பேர் உட்காரும் கட்டடத்தைக் கட்டியதும், தொண்ணூறு வருடம் கழித்து அதை இடம் மாற்றாமல் அங்கேயே பிரித்துக் கட்டியதும்தான் இந்தப் பக்கத்தின் விஷயம்.

நிலப்பிளவு இருப்பது தெரியாமல் கட்டிவிட்டார்களா?

தெரியும். 1868 அக்டோபரில் ஹேவர்ட் பிளவு பெரிதாக அசைந்து, சுற்றியிருந்த ஊர்களைச் சேதப்படுத்தியது. 1906 சான் ஃபிரான்சிஸ்கோ நிலநடுக்கத்துக்குப் பிறகு, பெர்க்லியிலேயே வேலை பார்த்த புவியியல் அறிஞர் ஆண்ட்ரூ லாசன் தலைமையில் ஒரு குழு 1908-இல் விரிவான அறிக்கை வெளியிட்டது. அந்த அறிக்கையிலேயே ஹேவர்ட் பிளவு இடம்பெற்றுவிட்டது. ஸ்டேடியம் கட்டத் தொடங்கும்போது அந்த அறிக்கைக்குப் பதினைந்து வயது ஆகப்போகிறது.

ஆனால் அன்றைக்கு ‘பிளவு’ என்றால் எப்போதோ ஒருமுறை குலுங்கும் இடம் என்றுதான் நினைத்தார்கள். நடுக்கம் இல்லாத நாளிலும், வருடத்துக்குச் சில மில்லிமீட்டர் கணக்கில் நிலம் நகர்ந்துகொண்டே இருக்கும் என்ற புரிதல் பின்னால்தான் வந்தது. கட்டடத்தில் விரிவு இணைப்புகளை, அதாவது கான்கிரீட் விரிந்து சுருங்க இடம் தரும் இடைவெளிகளை, விட்டுத்தான் கட்டியிருந்தார்கள். அந்த இடைவெளிகள்தான் பிற்பாடு சுவர் மொத்தமாக வெடிக்காமல் காப்பாற்றின.

இடத்தைப் பற்றி அப்போதே சண்டை இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பள்ளத்தாக்கு வேண்டாம், வளாகத்தின் மேற்கில் ஊரை ஒட்டிய சமதளத்தில் கட்டலாம் என்று ஒரு தரப்பு. பள்ளத்தாக்கின் அழகு போய்விடும் என்று மலைமேல் குடியிருந்தவர்களும் எதிர்த்தார்கள். அவர்கள் பேச்சு எடுபடவில்லை.

யார் கட்டினார்கள்? எப்படி?

வடிவமைத்தவர் ஜான் கேலன் ஹோவர்ட். பெர்க்லி வளாகத்தின் பழைய அழகான கட்டடங்களில் பாதிக்கு மேல் அவர் கைவண்ணம், மணிக்கூண்டும் அவருடையதுதான். ஸ்டேடியத்தின் மேற்கு முகம் ரோமாபுரியின் கொலோசியத்தை நினைவுபடுத்தும், வளைவு வளைவாக. கிழக்குப் பக்கம் தனிச் சுவரே கிடையாது. மலைச்சரிவையே செதுக்கி, அதன்மேல் படிகளை வைத்துவிட்டார்கள். ஒரு பாதி கட்டடம், மறு பாதி மலை என்று சொல்லலாம்.

மண் வேலை செய்த விதம் அந்தக் காலத்துக் கலிஃபோர்னியாவுக்கே உரியது. தங்கச் சுரங்கங்களில் செய்ததுபோல, குழாயில் நீரை வேகமாகப் பீய்ச்சி மலையைக் கரைத்து, சேறாக இறக்கிப் பள்ளத்தை நிரப்பினார்கள். அந்தப் பள்ளத்தாக்கில் ஓடிக்கொண்டிருந்த ஸ்ட்ராபெரி ஓடையை ஒரு கான்கிரீட் குழாயில் அடைத்து ஸ்டேடியத்துக்கு அடியில் விட்டார்கள். இந்தக் குழாயை மறந்துவிடாதீர்கள், கதையில் மறுபடி வரும்.

செலவு சுமார் 14 லட்சம் டாலர். பெரும்பகுதி பொதுமக்களிடம் திரட்டிய பணம். 1923 நவம்பர் 24 அன்று முதல் ஆட்டம். பரம எதிரி ஸ்டான்ஃபோர்டை 9–0 என்று பெர்க்லி ஜெயித்தது.

அந்தக் காலத்து அணி அவ்வளவு பெரிய அணியா?

ஆமாம். ஆண்டி ஸ்மித் பயிற்சியாளராக இருந்தபோது 1920 முதல் 1924 வரை ஐந்து சீசன்கள் பெர்க்லி தோற்கவே இல்லை. ‘அதிசய அணிகள்’ என்று அவற்றுக்குப் பட்டப்பெயர். இத்தனை பெரிய ஸ்டேடியம் கட்டும் தைரியமும் பணமும் வந்ததே அந்த வெற்றிகளால்தான்.

ஸ்மித் 1926 ஜனவரியில் நிமோனியாவில் இறந்துபோனார். அவருடைய அஸ்தியை விமானத்திலிருந்து இந்த மைதானத்தின் மேல் தூவினார்கள். ஓரத்தில் அவர் பெயரில் ஒரு கல் பெஞ்சும் இருக்கிறது. இடம் மாற்றலாமே என்று இன்று யாராவது சுலபமாகக் கேட்கும்போது எனக்கு இந்த விஷயம்தான் முதலில் ஞாபகம் வரும். போரில் இறந்தவர்களின் நினைவு ஒரு பக்கம், அணியை உண்டாக்கியவரின் சாம்பல் ஒரு பக்கம். பெர்க்லிக்காரர்கள் இதை வெறும் விளையாட்டுத் திடலாகப் பார்க்கவில்லை.

இங்கே நடந்தவற்றில் எது ரொம்பப் பிரபலம்?

இரண்டைச் சொல்வேன்.

1962 மார்ச் 23. பல்கலைக்கழகத்தின் நிறுவன நாள் விழாவுக்கு ஜனாதிபதி ஜான் கென்னடி வந்து பேசினார். ஏறக்குறைய 88,000 பேர் கூடினார்கள். மைதானத்தின் தரையிலும் நாற்காலி போட்டதால் எந்தக் கால்பந்து ஆட்டத்துக்கும் சேராத கூட்டம் அன்றைக்குச் சேர்ந்தது.

இரண்டாவது, 1982 நவம்பர் 20. அமெரிக்காவில் ‘தி ப்ளே’ என்று சொன்னாலே போதும், இந்த ஆட்டம்தான். ஸ்டான்ஃபோர்டு அணியில் அன்று, பின்னாளில் பெரும்புகழ் பெற்ற ஜான் எல்வே இருந்தார். கடைசி நிமிடத்தில் அவர் அணியை முன்னே கொண்டுபோய், ஸ்டான்ஃபோர்டு ஒரு ஃபீல்டு கோல் (பந்தைக் கோல் கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி) அடித்து 20–19 என்று முந்தியது. மிச்சம் 4 விநாடி. ஸ்டான்ஃபோர்டு பந்தைத் தாழ உதைத்து விட்டது. கெவின் மோன் எடுத்தார். சிக்கிக்கொள்ளும் முன் ரிச்சர்ட் ராஜர்ஸுக்கு வீசினார். ராஜர்ஸ் ட்வைட் கார்னருக்கு. கார்னரை நான்கைந்து பேர் சூழ்ந்து அமுக்கினார்கள். ஆட்டம் முடிந்தது என்று நினைத்து ஸ்டான்ஃபோர்டின் பேண்டு வாத்தியக் குழு மொத்தமாக மைதானத்துக்குள் இறங்கிவிட்டது. ஆனால் கார்னர் விழும்போதே பந்தை மறுபடி ராஜர்ஸிடம் தள்ளியிருந்தார். ராஜர்ஸ் மேரியட் ஃபோர்டுக்கு, ஃபோர்டு திரும்பிப் பார்க்காமலே தோளுக்கு மேலே பின்னால் வீச, அதைப் பிடித்தவர் மறுபடியும் மோன். வாத்தியக்காரர்களுக்கு நடுவே புகுந்து ஓடி, கோட்டைக் கடந்து, ட்ரோம்போன் வைத்திருந்த கேரி டிரெல் என்ற மாணவர்மேல் மோதி இருவரும் விழுந்தார்கள்.

நடுவர்கள் கூடிப் பேசினார்கள். மூச்சுவிடாமல் காத்திருந்தது ஸ்டேடியம். டச் டவுன் (பந்தோடு எதிரணியின் கோட்டைக் கடந்து புள்ளி எடுப்பது) செல்லும் என்று தீர்ப்பு; பெர்க்லிக்கு 25–20. வானொலியில் ஜோ ஸ்டார்க்கியின் குரல் உடைந்து கத்தும் அந்த வர்ணனையை இன்றும் ஆட்ட நாளில் ஒலிபரப்புகிறார்கள். ஸ்டான்ஃபோர்டுக்காரர்கள் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. இரு அணிகளும் வெற்றிச் சின்னமாகக் கைமாற்றிக்கொள்ளும் ‘கோடாரி’ அவர்கள் கைக்குப் போகும் வருடங்களில், அதில் பொறித்திருக்கும் 1982-ஆம் வருட ஸ்கோரை 20–19 என்று மாற்றிவிடுவார்கள். திரும்பி வந்ததும் இவர்கள் 25–20 ஆக்குவார்கள்.

டைட்வாட் ஹில் என்கிறார்களே, அது என்ன?

ஸ்டேடியத்துக்குக் கிழக்கே உயரும் மலைச்சரிவு. ‘கஞ்சன் மேடு’ என்று வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் வாங்காமல் அங்கே ஏறி உட்கார்ந்து ஆட்டம் பார்க்கும் வழக்கம் ஸ்டேடியம் திறந்த நாளிலிருந்தே உண்டு. ஒவ்வொரு முறை பெர்க்லி புள்ளி எடுக்கும்போதும் வெடிக்கும் பீரங்கியும் 1971 முதல் அங்கேதான் இருக்கிறது. 1991-இல் பசிபிக் பல்கலைக்கழகத்தோடு ஆடியபோது பெர்க்லி பன்னிரண்டு டச் டவுன் அடித்ததில் பீரங்கிக்கு மருந்தே தீர்ந்துபோனது.

புதுப்பிக்கும் திட்டம் வந்தபோது, கிழக்குப் பக்கத்தை உயர்த்தினால் மேட்டிலிருந்து மைதானம் தெரியாது என்று இந்த ரசிகர்களும் கோர்ட்டுக்குப் போனார்கள். கடைசியில் அந்தப் பக்கம் உயரவில்லை. ரொம்ப நல்ல காரியம். காசில்லாத மாணவனும் ஆட்டம் பார்க்க முடிகிற இடம் ஒரு பல்கலைக்கழக ஸ்டேடியத்தில் இருந்தே ஆக வேண்டும்.

நிலம் நகர்வது கண்ணுக்குத் தெரிந்ததா?

நன்றாகவே. ஹேவர்ட் பிளவு பெர்க்லி பக்கத்தில் வருடத்துக்கு 4 முதல் 5 மில்லிமீட்டர் வரை ஊர்கிறது. மேற்குப் பாதி வடக்கு நோக்கியும் கிழக்குப் பாதி தெற்கு நோக்கியும் மெதுவாக விலகிக்கொண்டிருக்கின்றன. நிலநடுக்கமே வராவிட்டாலும் இது நிற்பதில்லை. நூறு வருடத்தை நெருங்கும்போது கணக்குப் போட்டால் ஓர் அடிக்கு மேல்.

முதலில் காட்டிக்கொடுத்தது அந்த ஓடைக் குழாய். ஸ்டேடியத்துக்கு அடியில் கான்கிரீட் விரிசல் விட்டிருப்பதை ஆராய்ந்தவர்கள், பிளவு ஊர்வதுதான் காரணம் என்று 1966-இல் கட்டுரை வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு உலகம் முழுவதிலிருந்தும் புவியியல் மாணவர்கள் இங்கே வந்து பார்க்கத் தொடங்கினார்கள். ஸ்டேடியத்தின் தெற்குமுனையில், கேகே என்று பெயரிட்ட பகுதிக்கு மேலே, வெளிச்சுவரின் விரிவு இணைப்பில் நின்று பார்த்தாலே அன்றைக்குப் போதுமாக இருந்தது. ஒரே கோட்டில் இருக்க வேண்டிய இரண்டு சுவர்த் துண்டுகளில் ஒன்று முன்னேயும் ஒன்று பின்னேயும் விலகி நின்றன. நடுவில் கை நுழையும் அளவு இடைவெளி. உள்ளே தூண்கள் சாய்ந்திருந்தன. கருவி எதுவும் இல்லாமல், வெறும் கண்ணால் நிலத்தின் நகர்வைப் பார்க்கக் கிடைத்த அபூர்வமான இடம்.

அப்படியென்றால் ஏன் அவ்வளவு நாள் சும்மா இருந்தார்கள்?

பணம், அப்புறம் அணியின் நிலைமை. 1989 லோமா பிரியேட்டா நிலநடுக்கம் வளைகுடாப் பகுதியை உலுக்கிய பிறகு பெர்க்லி தன் கட்டடங்களையெல்லாம் சோதித்தது. 1997-இல் வெளிவந்த மதிப்பீட்டில் ஸ்டேடியத்துக்குக் கிடைத்த மதிப்பெண் ‘மோசம்’. அதற்குப் பிறகும் பல வருடம் கோடிக்கணக்கில் செலவழிக்க மனம் வரவில்லை. 2001-இல் அணி பதினொரு ஆட்டத்தில் ஒன்றுதான் ஜெயித்தது. அப்படிப்பட்ட அணிக்காக யார் பணம் கொடுப்பார்கள்?

2002-இல் ஜெஃப் டெட்ஃபோர்டு பயிற்சியாளராக வந்தார். அணி எழுந்து நின்றது. நல்ல வசதி இல்லாவிட்டால் அவர் வேறு இடத்துக்குப் போய்விடுவார் என்ற பயமும் கூடவே வந்தது. அதனால் முதலில் கையில் எடுத்தது ஸ்டேடியத்தைக் கூட இல்லை. மேற்குச் சுவரை ஒட்டி வீரர்களுக்கான பயிற்சி மையம். அதிலிருந்துதான் சண்டை தொடங்கியது.

மரத்தில் ஏறி உட்கார்ந்த போராட்டம் எதற்கு?

பயிற்சி மையம் வரவேண்டிய இடத்தில் ஓக் மரத் தோப்பு ஒன்று இருந்தது. அதை வெட்டக் கூடாது என்று 2006 டிசம்பர் 2 அன்று, ஸ்டான்ஃபோர்டு ஆட்டம் நடந்த அதே நாளில், மரமேறினார்கள். இறங்கியது 2008 செப்டம்பர் 9 அன்று. இருபத்தொரு மாதம்! அமெரிக்க நகரம் ஒன்றில் இவ்வளவு நாள் நீடித்த மரப் போராட்டம் அரிது.

ஏறியவர்கள் எல்லாரும் இளைஞர்கள் என்று நினைக்க வேண்டாம். 2007 ஜனவரியில் மூன்று மூத்த பெண்கள் அந்த மரங்களில் ஒன்றில் ஏறி உட்கார்ந்தார்கள். சில்வியா மெக்லாஃப்லின், 90 வயது, வளைகுடாவை மண்போட்டு நிரப்பாமல் காப்பாற்றிய இயக்கத்தை நிறுவியவர்களில் ஒருவர். பெட்டி ஓல்ட்ஸ், 86, நகரமன்ற உறுப்பினர். ஷெர்லி டீன், 71, முன்னாள் மேயர். பலகைத் தட்டில் உட்கார்ந்திருந்த அந்தப் படம் ஊரெல்லாம் சுற்றியது. பெர்க்லி எப்படிப்பட்ட ஊர் என்று கேட்பவர்களுக்கு அந்த ஒரு படமே போதும்.

தோப்பு பழங்குடியினரின் புதைநிலம் என்றும் போராட்டக்காரர்கள் சொன்னார்கள். பல்கலைக்கழகம் அதை ஏற்கவில்லை. பெரும்பாலான மரங்கள் 1923-க்குப் பிறகு தாங்களே நட்டவை என்றும், வெட்டும் ஒவ்வொரு மரத்துக்கும் மூன்று நடுவதாகவும் சொன்னது. கடைசி நான்கு பேர் ஒரு ரெட்வுட் மரத்தின் உச்சியில் இருந்தார்கள். மரத்தைச் சுற்றிச் சாரம் கட்டி மேலே போன பிறகுதான் அவர்கள் இறங்கினார்கள்.

இதில் என் பார்வை: மரங்களுக்காக வருந்தியவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. ஆனால் ஆபத்தான பழைய கட்டடத்துக்குள் நாள் முழுவதும் வேலை செய்துகொண்டிருந்த வீரர்களையும் ஊழியர்களையும் வெளியே கொண்டுவர அந்த மையம் தேவைப்பட்டது. அது மறுக்க முடியாத விஷயம்.

சட்டப்படி பிளவின் மேல் கட்டலாமா?

கலிஃபோர்னியாவில் 1972 முதல் ஆல்க்விஸ்ட்–பிரியோலோ சட்டம் இருக்கிறது. இன்னும் இயங்கிக்கொண்டிருக்கும் பிளவின் மேல் மனிதர் புழங்கும் புதுக் கட்டடம் கூடாது. ஏற்கெனவே இருக்கும் கட்டடத்தை மாற்றலாம், கூட்டலாம். ஆனால் அந்தச் செலவு கட்டடத்தின் மதிப்பில் பாதியைத் தாண்டக் கூடாது.

இந்த ‘மதிப்பு’ என்றால் என்ன என்பதில்தான் வழக்கறிஞர்கள் மல்லுக்கட்டினார்கள். இடிந்துவிழும் நிலையில் உள்ள கட்டடத்தை இன்றைக்கு விற்றால் என்ன கிடைக்குமோ அதுவா? அதே மாதிரி ஒன்றைப் புதிதாகக் கட்ட என்ன ஆகுமோ அதுவா? முதல் கணக்கில் பார்த்தால் புதுப்பிக்கவே முடியாது. இரண்டாவதில் தாராளமாக இடம் உண்டு. பெர்க்லி நகராட்சியும், பக்கத்து மலையின் குடியிருப்போர் சங்கமும், ஓக் மர அமைப்பும் தொடுத்த வழக்குகள் கீழ்க்கோர்ட்டிலும், 2010-இல் மேல்முறையீட்டிலும் பல்கலைக்கழகத்துக்குச் சாதகமாக முடிந்தன. பயிற்சி மையம் தனிக் கட்டடம், அதன் அடியில் பிளவு போகவில்லை என்பதும் ஏற்கப்பட்டது.

சரி, பிளவின் மேல் இருப்பதை எப்படிப் பாதுகாப்பாக ஆக்கினார்கள்?

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டார்கள்: நிலம் நகரும், அதைத் தடுக்க முடியாது. நகரும்போது கட்டடம் உடையாமல் கூடவே நகர வேண்டும். பொறியாளர்களின் வேலை முழுக்க இந்த ஒரு எண்ணத்தின் மேல்தான் நிற்கிறது.

பிளவு கடக்கும் வடக்கு, தெற்கு மூலைகளில் இருந்த பழைய இருக்கைப் பகுதிகளை மொத்தமாக அகற்றினார்கள். அங்கே கெட்டியான கான்கிரீட் தளத்தின் மேல் தனித்தனித் துண்டுகளாகப் புதிய கேலரி எழுப்பினார்கள். ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டோடு ஒட்டாமல், இடைவெளி விட்டு நிற்கும். அடியில் மணலும் பிளாஸ்டிக் விரிப்பும் அடுக்கடுக்காக. பெரிய நடுக்கத்தில் நிலம் பக்கவாட்டில் 6 அடியும் மேல்கீழாக 2 அடியும் நகரலாம் என்று கணக்கிட்டார்கள். அப்போது அந்தத் துண்டு, ஈரத் தரையில் இழுத்துவிட்ட பலகைபோல வழுக்கித் திரும்பும். கொஞ்சம் சாயவும் செய்யும். ஆனால் நொறுங்கி ஆட்கள்மேல் விழாது.

மேற்குப் பக்கம் இன்னொரு சவால். ஹோவர்டின் வளைவுச் சுவர் 2006-இலேயே தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டில் ஏறிவிட்டது. அதைத் தொடக் கூடாது. ஆகவே சுவரை மட்டும் முட்டுக்கொடுத்து நிற்கவைத்துவிட்டு, உள்ளே இருந்த கேலரியை முழுவதும் இடித்து அள்ளினார்கள். அந்தக் காலத்துப் படங்களில் பின்னால் ஒன்றும் இல்லாமல் சுவர் மட்டும் வளைந்து நிற்கும். சினிமாவுக்குப் போட்ட செட் என்றே தோன்றும். பிறகு அதன் உள்ளே புதுக் கேலரி, அதற்கு மேலே பத்திரிகையாளர் மாடம்.

அந்த மாடம் தனி அதிசயம். 375 அடி நீளம். கேலரியோடு இறுக்கிக் கட்டப்படவில்லை. தனக்கென்று கான்கிரீட் கோபுரங்களின் மேல் நிற்கிறது. நடுக்கத்தில் அந்தக் கோபுரங்கள் அடியில் சற்றே ஊசலாடி மறுபடி நேராக நிற்கும்படி, உள்ளே இழுத்துக் கட்டிய எஃகு வடங்கள் இருக்கின்றன. கேலரிக்கும் மாடத்துக்கும் நடுவே அதிர்வை உறிஞ்சும் தணிப்பான்கள். கேலரி ஒரு தாளத்திலும் மாடம் ஒரு தாளத்திலும் ஆடினாலும் ஒன்றையொன்று மோதி உடைக்காது.

மைதானத்தின் தரையை சுமார் 4 அடி தாழ்த்தினார்கள். முன்வரிசையில் உட்கார்ந்தவர்களுக்கு நிற்கும் வீரர்களின் முதுகுதான் தெரியும் என்ற பழைய குறை அதில் தீர்ந்தது. கிழக்குப் பக்கத்தில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை.

வேலை நடந்தபோது அணி எங்கே ஆடியது?

2010 நவம்பர் 27 அன்று பழைய ஸ்டேடியத்தில் கடைசி ஆட்டம். வாஷிங்டன் பல்கலைக்கழகம் கடைசிப் பந்தில் டச் டவுன் அடித்து 16–13 என்று ஜெயித்தது. ரசிகர்களுக்குக் கசப்பான விடை.

2011 சீசன் முழுக்கச் சான் ஃபிரான்சிஸ்கோவில். முதல் ஆட்டம் கேண்டில்ஸ்டிக் பார்க்கில், மற்றவை ஜயன்ட்ஸ் பேஸ்பால் அணியின் ஸ்டேடியத்தில். பேஸ்பால் மைதானத்தின் கோணத்தில் கால்பந்துக் களம் சரியாகப் பொருந்தாது. அதனால் இரண்டு அணிகளும் ஒரே பக்க ஓரத்தில் நிற்க வேண்டியதாயிற்று.

2012 செப்டம்பர் 1 அன்று வீடு திரும்பினார்கள். நெவாடாவிடம் 31–24 என்று தோல்வி. அந்த சீசனே சரிவு, மூன்று வெற்றி, ஒன்பது தோல்வி. யாருக்காக இவ்வளவும் தொடங்கியதோ அந்த டெட்ஃபோர்டை அதே நவம்பரில் வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

மொத்தம் எவ்வளவு செலவு? யார் கொடுத்தது?

ஸ்டேடியத்துக்கு 32.1 கோடி டாலர். பயிற்சி மையத்துக்கு 15.3 கோடி. இரண்டும் சேர்த்து 47.4 கோடி.

கட்டடத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல நிறைய இருக்கிறது. பணத்தைப் பற்றிச் சொல்ல அப்படி எதுவும் இல்லை. நிர்வாகம் போட்ட திட்டம் இது: நல்ல இடத்தில் இருக்கும் சுமார் 3,000 இருக்கைகளை 40, 50 வருட உரிமையாக விற்பது. ஓர் இருக்கை 40,000 டாலரில் தொடங்கி இரண்டு லட்சத்தையும் தாண்டும். அந்தத் தொகையை முதலீடு செய்து, வரும் வருமானத்தில் கடனை அடைப்பது. கேட்க நன்றாக இருந்தது. ஆனால் 2008-இல் பொருளாதாரம் விழுந்தது, அணியும் தோற்கத் தொடங்கியது. வாங்குவார்கள் என்று நினைத்தவர்கள் வரவில்லை. ஸ்டேடியம் திறந்த வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்கைகள் விற்காமலே கிடந்தன.

மாணவர் கட்டணம் ஏறிக்கொண்டிருந்த வருடங்களில் இது நடந்தது என்பதால் பேராசிரியர்களிடமும் கடும் எதிர்ப்பு. விளையாட்டுத் துறை வட்டிக்கு மட்டுமே வருடத்துக்கு 1.8 கோடி டாலர் அளவில் கட்ட வேண்டியிருந்தது. கடைசியில் கேரல் கிறைஸ்ட் துணைவேந்தர் பொறுப்பில் இருந்தபோது, கடனில் பாதிக்கு மேல் வளாகத்தின் பொதுக் கணக்குக்கு மாற்றப்பட்டது. நிலநடுக்கப் பாதுகாப்புக்காகச் செய்த செலவை வகுப்பறைக் கட்டடங்களுக்குச் செய்வதுபோலப் பொதுவிலிருந்து ஏற்பதுதான் முறை என்பது நிர்வாகத்தின் வாதம். அந்த வாதத்தை நான் ஏற்கிறேன். ஆனால் அதை 2009-இலேயே வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும். ஆட்டம் ஜெயித்துக்கொண்டே இருக்கும் என்ற நம்பிக்கையை அடமானம் வைத்துக் கடன் வாங்கியிருக்கக் கூடாது.

கடன் பத்திரங்களில் ஒரு பகுதி நூறாண்டுப் பத்திரம். கடைசித் தவணை 2113-இல்.

ஸ்டேடியத்துக்கு வேறு பெயர்கள் வைத்தார்களே?

ஸ்டேடியத்தின் பெயர் மாறவில்லை. களத்தின் பெயரைத்தான் விற்றார்கள். 2013-இல் கபாம் என்ற வீடியோகேம் நிறுவனம் 15 வருடத்துக்கு 1.8 கோடி டாலர் தருவதாக ஒப்பந்தம், பாதியிலேயே நின்றது. 2021-இல் எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ நிறுவனம் 10 வருடத்துக்கு 1.75 கோடி. அடுத்த வருடம் நவம்பரில் அந்த நிறுவனமே திவால்.

இப்போது எத்தனை பேர் உட்காரலாம்?

பழைய ஸ்டேடியம் 72,000-க்குச் சற்றுக் குறைவு. புதுப்பித்துத் திறந்தபோது 63,000 அளவு. நடைபாதைகளும் வெளியேறும் வழிகளும் அகலமானதில் இருக்கைகள் குறைந்தன. பெரும்பாலான ஆட்டங்களுக்கு அதுவே நிறையாது. ஆனால் 2024 அக்டோபர் 5 மாதிரி ஓர் இரவு வந்தால் கதை வேறு. மயாமி அணியை 35–10 என்று முந்திக்கொண்டிருந்து, 38–39 என்று ஒரே புள்ளியில் கைநழுவவிட்ட ஆட்டம் அது.

பெரிய நிலநடுக்கம் வந்தால் ஸ்டேடியம் தாங்குமா?

அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் கணிப்புப்படி, ஹேவர்டும் அதன் வடக்குத் தொடர்ச்சியான ராஜர்ஸ் கிரீக்கும் சேர்ந்த பிளவில் 2043-க்குள் 6.7 அல்லது அதற்கு மேற்பட்ட அளவுள்ள நடுக்கம் வர 33 சதவீத வாய்ப்பு. பெரிய நடுக்கங்களுக்கு இடையே சராசரியாக ஒன்றரை நூற்றாண்டு இடைவெளி என்று பள்ளம் தோண்டிப் பார்த்த ஆய்வுகள் காட்டுகின்றன. கடைசியாக வந்தது 1868-இல். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

ஸ்டேடியத்தை வடிவமைத்தவர்கள் ‘சேதமே ஆகாது’ என்று சொல்லவில்லை. மூலைத் துண்டுகள் நகரும், தரை கிழியும், பிறகு நிறையப் பழுது பார்க்க வேண்டியிருக்கும். உள்ளே இருப்பவர்கள் உயிரோடு வெளியே வர வேண்டும் என்பதுதான் இலக்கு. அந்த இலக்கு பழைய கட்டடத்தில் எட்டாத தூரத்தில் இருந்தது.

போய்ப் பார்க்க முடியுமா? எதைப் பார்க்க வேண்டும்?

முடியும். சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து பார்ட் ரயிலில் டவுன்டவுன் பெர்க்லியில் இறங்கி, வளாகத்துக்குள்ளேயே மேடேறி நடந்தால் அரைமணி நேரத்துக்குள் வந்துவிடலாம். முதலில் மேற்கு முகத்தை எதிரே நின்று பாருங்கள். முன்னால் விரிந்திருக்கும் திறந்தவெளி முற்றம்தான் பயிற்சி மையத்தின் கூரை. மையத்தின் பெரும்பகுதி காலடியில் இருக்கிறது. பிறகு வடக்கு, தெற்கு மூலைகளுக்குப் போய்க் கேலரித் துண்டுகளுக்கு நடுவே விட்டிருக்கும் இடைவெளியைத் தேடுங்கள். வழக்கமான கட்டட இடைவெளியைவிட ரொம்ப அகலம்.

ஆட்ட நாளாக இருந்து டிக்கெட் கிடைக்காவிட்டால் டைட்வாட் ஹில் இருக்கவே இருக்கிறது. செங்குத்தான மண் பாதை; நல்ல பிடிமானமுள்ள ஷூ போட்டுக்கொண்டு, தண்ணீரும் எடுத்துக்கொண்டு, ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் முன்னாலேயே ஏறிவிடுங்கள். பீரங்கிக்குப் பக்கத்தில் மட்டும் உட்கார வேண்டாம்.